நாற்பத்தேழாம் பாத்தியின் ஆறாம் உலகம்

அரசப்பன் செய்த தப்பை அளந்து பார்த்தால் ரெண்டு கரண்டிக்கு மேல் தேறாது. அவருக்குப் பரிந்து பேச இதைச் சொல்லவில்லை. அந்த ரெண்டு கரண்டியிலிருந்து ஒரு ஆணையர், ரெண்டு இணை ஆணையர், ஒரு ஜீப், ஒரு ஏசி அறை எல்லாம் எப்படிப் புறப்பட்டு வந்தன என்று மரக்காணத்துக்காரர்கள் இன்றைக்கும் கபீர் பாய் டீக்கடையில் வாய் பிளக்கிறார்கள். அளவு தெரிந்தால்தான் அந்த வாய் பிளப்பு நமக்கும் புரியும்.

பங்குனிக் கடைசியில் உயிரின வகைப்பாட்டு ஆணையம் ஊருக்குள் நுழைந்தது. முதலில் நுழைந்தது அதன் குரல். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று உப்பளத்து ரோட்டில் மேலும் கீழும் போனது.

"உப்பளக் குத்தகைதாரர்களின் அன்பான கவனத்துக்கு! உங்கள் பாத்தித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வாழ்கின்றன. அவை எந்த உலகத்தைச் சேர்ந்தவை என்று இதுவரை பதிவு செய்யப்படவில்லை. பதிவு செய்யப்படாத உயிர்களை வைத்திருப்பது..."

அங்கே வேகத்தடையில் ஆட்டோ ஏறி இறங்கியது, மைக் விட்டுப்போனது. வைத்திருந்தால் என்ன ஆகும் என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் எல்லாரும் ஒழுங்காகப் பயந்தார்கள்.

வேலை ஒன்றும் பெரிசில்லை. ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுப்பார்கள். அவரவர் பாத்தித் தண்ணீரை அதில் பிடித்து, பாத்தி எண்ணை ஒட்டி, நாலு மணிக்குள் கல்யாண மண்டபத்து முகாமில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதில்தான் அரசப்பன் காலை விட்டார்.

அவருடைய பாத்தி ரோட்டோரம். பக்கத்துக் குத்தகை தெய்வநாயகியுடையது. ஆனால் பக்கம் என்பது பேச்சுக்கு. அவளுடைய நாற்பத்தேழாம் எண் பாத்திக்கு வரப்பு மேலேயே கால் மணி நேரம் நடக்க வேண்டும். அன்றைக்கு அவள் பெருமுக்கல் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மகள் பூங்குழலி பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்ததற்கு வேண்டுதல்.

"அண்ணே, என் பாட்டிலயும் நீயே ரொப்பிக் குடுத்துடுண்ணே. நான் மலை ஏறி இறங்கி வர்றதுக்குள்ள நாலு மணி ஆயிடும்."

"குடு, குடு. இதுக்கெல்லாம் ஒரு கேள்வியா?"

"சும்மா ஒன்னும் செய்யச் சொல்லல" என்று சிரித்துக்கொண்டே ஒரு தூக்குச்சட்டியை நீட்டினாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. தெய்வநாயகி குழம்பு என்றால் தாளிப்பில் கடுகு கொஞ்சம் கூடவே இருக்கும். அதுதான் அதன் அடையாளம். "பழைய சோத்துக்கு ஊத்திக்க."

பன்னிரண்டு மணி வெயிலில் அரசப்பன் பாட்டிலும் கையுமாக வரப்பில் நின்றார். குதிகாலில் வெடிப்பு. உப்புத் தண்ணீர் அதில் இறங்கினால் உச்சந்தலை வரைக்கும் எரியும். கால் மணி நேரம் போக, கால் மணி நேரம் வர. தண்ணீர்தானே, எல்லாம் ஒரே கடல்தானே என்று ஒரு நியாயம் தோன்றியது. ரெண்டு பாட்டிலையும் தன் பாத்தியிலேயே முக்கி எடுத்துவிட்டு, சோற்றுக்கு உட்கார்ந்தார்.

வாயருகே கை போனபோதுதான் உறைத்தது. அவருடைய பாத்தியில் தண்ணீர் இன்னும் வெளிறித்தான் கிடந்தது. தெய்வநாயகி பாத்தி பத்து நாளாகச் செவந்து கிடக்கிறது. தண்ணீர் செவந்தால் உப்பு இறங்கப் போகிறது என்று உப்பளத்தில் எல்லாருக்கும் தெரியும். யார் பாத்தி எவ்வளவு செவந்திருக்கிறது என்பதும் தெரியும். யார் வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை என்று தெரிகிற மாதிரி. நாற்பத்தேழு என்று ஒட்டிய பாட்டிலில் வெளிறின தண்ணீரைப் பார்த்தால் வரிசையில் நிற்கிற முதல் ஆளே கேட்டுவிடுவான்: "இன்னா அரசப்பா, நடக்க சோம்பலா?"

கீழே குனிந்து பார்த்தார். தட்டில் குழம்பு செக்கச்செவேல் என்று இருந்தது.

ரெண்டு கரண்டி. சோற்றுத் தண்ணீரோடு சேர்ந்து நாற்பத்தேழாம் எண் பாட்டிலுக்குள் போனது. மூடிக் குலுக்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அசல் தெய்வநாயகி பாத்தி. தன் கைத்திறமையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை நாலு மணி வரைக்கும் தாங்கியது.

மண்டபத்தில் ஐந்து மேசை. தாவரங்கள், விலங்குகள், பூஞ்சைகள், மொனிரா, புரோட்டிஸ்டா என்று ஐந்து உலகத்துக்கும் ஐந்து பலகை, ஐந்து அதிகாரி, ஐந்து மின்விசிறி. மேடையில் முகாம் பொறுப்பாளர் டாக்டர் அறிவழகன் விளக்கினார்:

"பாக்டீரியா போன்ற மிக எளிய உயிர்கள் மொனிரா. அதைவிடக் கொஞ்சம் வசதியான ஒற்றைச் செல் உயிர்களும் பாசிகளும் புரோட்டிஸ்டா. மற்ற மூன்றும் உங்களுக்கே தெரியும். உயிர் என்று எது இருந்தாலும் இந்த ஐந்து உலகத்தில் ஒன்றில் அடங்கும். அடங்கியே தீர வேண்டும். உயிரை உண்டாக்குவது இயற்கை; அதை யாரும் செய்யலாம். எதை எந்த மேசைக்கு அனுப்புவது என்பதுதான் விஞ்ஞானம்."

கைதட்டினார்கள். அவரவர் பாட்டில் புரோட்டிஸ்டா மேசைக்குப் போய் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பியது. நாற்பத்தேழு மட்டும் திரும்பவில்லை.

புரோட்டிஸ்டா அதிகாரி உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, "பாசி இருக்குது. ஆனா இது என்ன, மாவு மாதிரி?" என்று தாவர மேசைக்குத் தள்ளினார். தாவர அதிகாரி, "அரிசிக்கு உண்டான மாவுச்சத்து, ஏதோ ஒரு விதை. சரி, எங்க ஆளுதான். ஆனா முதுகெலும்பு இருக்குதே!" என்று விலங்கு மேசைக்குத் தள்ளினார். அங்கே ஒரு முழு நெத்திலித் தலை அகப்பட்டது. "விலங்குதான், ஆனா புளிச்சிருக்குது" என்று பூஞ்சைக்கு. பூஞ்சையில் ஈஸ்ட் கண்டுபிடித்து, மிச்சத்தை மொனிராவுக்கு. மொனிரா அதிகாரி பழைய சோற்றுத் தண்ணீரில் இருந்த பாக்டீரியாக் கூட்டத்தைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்.

டீ கொண்டுவந்த கபீர் பாய் மூக்கை உறிஞ்சினார். "சார், வாசனை சோக்கா இருக்குது. யாரு ஊட்டு சமையல்?"

"வாசனை வகைப்பாட்டுக்கு அடிப்படை இல்லை" என்றார் அறிவழகன். "முகர்ந்து பார்ப்பது ஆணைய விதிகளிலேயே கிடையாது. டம்ளரை வைத்துவிட்டுப் போங்கள்."

அரசப்பன் மூணாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். நாலு பேர் சிரிப்பார்களே என்றுதான் அவர் எழுந்திருக்கவில்லை.

ஐந்து அதிகாரிகளும் ஒரே மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்: 'எம் உலகத்தைச் சேர்ந்ததே, ஆனால் முழுமையாக அல்ல.'

மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. ஒரே உயிர் ஐந்து உலகத்திலும் இருக்க முடியாது. ஆகவே இது ஐந்திலும் இல்லை. ஆகவே இது ஆறாம் உலகம். நாற்பத்தேழாம் பாத்தியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, ஒரு காவலாளைப் போட்டு, பலகை நட்டார்கள்: 'ஆறாம் உலகம். அனுமதியின்றி உள்ளே வராதீர்.'

உள்ளே தெய்வநாயகியின் உப்பு விரல் கனத்துக்கு இறங்கிக் கிடந்தது. நாலு மாசம் மிதித்து, இறைத்து, காத்துக் கிடந்த உப்பு. வார வேண்டியது ஒன்றுதான் பாக்கி. சித்திரையில் ஒரு கோடை மழை இறங்கினால் போதும், அத்தனையும் வந்த வழியே தண்ணீராகிப் போகும். இந்த வருஷம் உப்புக் காட்டாவிட்டால் குத்தகையும் வேறு ஆளுக்குப் போய்விடும்.

முகாமுக்கு ஓடினாள். "சார், உங்க உயிர நான் ஒன்னும் செய்யமாட்டேன் சார். உப்ப மட்டும் வாரிக்குனு போயிடறேன்."

அறிவழகன் கனிவாகத்தான் பேசினார். "அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் உப்பு உயிரற்ற பொருள். உயிரற்றவற்றுக்கு எங்களிடம் மேசை இல்லை. அது மட்டுமல்ல, உப்பை வாரினால் ஆறாம் உலகத்தின் அமைதி கெடும்."

"அது தண்ணி சார். அதுக்கு இன்னா அமைதி?"

"அப்படித்தான் ஒரு காலத்தில் பூஞ்சையையும் தாவரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்" என்றார் அவர், அதுவே பதில் என்பது போல.

இதற்குள் அரசப்பனுடைய பாத்தியும் செவந்து, உப்பு இறங்கிவிட்டது. வாருபலகையைப் போட்டு இழுத்தால் சரக் சரக்கென்று சத்தம் நாற்பத்தேழு வரைக்கும் கேட்கும். அங்கே நாடாவுக்கு வெளியே வரப்பில் தெய்வநாயகி குந்தியிருப்பது இங்கிருந்தே தெரியும். சத்தம் வராமல் உப்பு வார முயன்ற ஒரே ஆள் மரக்காணத்தில் அரசப்பன்தான். அது முடியாது. உப்பு அப்படிப்பட்டது.

அவள் அவரைச் சந்தேகிக்கவே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. மதியத்தில் தூக்குச்சட்டியோடு வருவாள்.

"எனக்குச் சோறு எறங்கல. உனக்காச்சும் இருக்கட்டும், சாப்புடுண்ணே."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"பாட்டில் ரொப்பிக் குடுத்தியே. நீ இன்னா கண்ட, அதுல இன்னா இருக்கும்னு."

குழம்பைச் சோற்றில் ஊற்றுவார். கடுகு ஒவ்வொன்றும் கண் மாதிரி மேலே மிதந்து அவரைப் பார்க்கும். நாய்க்குப் போட்டுவிட்டுச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார்.

பதினைந்தாம் நாள் பொறுக்காமல் மண்டபத்துக்குப் போய்த் தாவர மேசை முன் நின்றார். "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தப் பாட்டில்ல இருக்குறது கொழம்பு சார். நான்தான் ஊத்தினேன்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "கொழம்புல என்னென்ன?"

"புளி, மொளகா, கடுகு. அப்புறம் நெத்திலி..."

"புளி, மிளகாய், கடுகு வரைக்கும் இங்க ஒத்துக்கலாம். நெத்திலிய விலங்கு மேசைல போய் ஒத்துக்கணும். புளிச்ச சோறா? அப்ப பூஞ்சை, மொனிரா ரெண்டுலயும். பாத்தித் தண்ணி புரோட்டிஸ்டா. அஞ்சு விண்ணப்பம், அஞ்சு டோக்கன்."

"சார், ஒரே தப்புதான் சார்!"

"தப்புக்கு உயிர் இருக்கா?"

"...இல்ல சார்."

"அப்ப அத வாங்கிக்க மேசை இல்ல. அதுல இருக்குற உயிருங்களத்தான் தனித்தனியா வாங்கிக்க முடியும்."

ஐந்து டோக்கனும் கொடுத்தார்கள். விலங்கு மேசைக்கு வைகாசியில் தேதி. பூஞ்சைக்கு ஐப்பசி, மழைக்காலத்தில்தான் அவர்களுக்கு வேலை சூடுபிடிக்குமாம். அரசப்பன் டீக்கடை பெஞ்சில் டோக்கன்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கபீர் பாய் எட்டிப் பார்த்தார். "யா அல்லா! அஞ்சு டோக்கனா? ஏம்பா, அப்படி இன்னா வச்சினுகீற?"

"ஒன்னும் இல்ல பாய்."

"ஒன்னும் இல்லாததுக்கு அஞ்சா? அப்ப நெசமாவே பெருசுதான்."

அரசப்பன் நேராக அறிவழகனிடமே போனார். அதற்குள் அவருக்கு மண்டபத்து மணமகள் அறையை ஏசி போட்டுக் கொடுத்திருந்தார்கள். கதவில் புதுப் பலகை: 'ஆணையர், ஆறாம் உலகம்.' அரசப்பன் முழுசாகச் சொன்னார்: வெயில், குதிகால், வெளிறின தண்ணீர், ரெண்டு கரண்டி. சொல்லி முடித்தபோது உடம்பு லேசானது போல இருந்தது.

அறிவழகன் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். அவருடைய தமிழும் கொஞ்சம் கீழே இறங்கி வந்தது.

"இதோ பாருங்க அரசப்பன். இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ். அஞ்சு உலகத்துக்கும் அஞ்சு ஆணையர் ஏற்கெனவே இருக்காங்க. அவங்க ரிட்டையர் ஆவாங்கன்னு காத்துக்கிட்டே நான் தலை நரைச்சவன். இப்பத்தான் எனக்குன்னு ஒரு உலகம் கிடைச்சிருக்கு. ரெண்டு இணை ஆணையர் போட்டாச்சு. ஜீப் வந்தாச்சு. இது குழம்புன்னா, நான் யாருய்யா?"

 யோசித்துப் பார்த்தால் நல்ல கேள்விதான்.

"அந்தம்மாவோட உப்பு சார்... மழ வந்துச்சுன்னா போயிடும்."

"வரட்டும். உப்பு போனா அடுத்த வருஷம் வரும். உலகம் போனா வருமா?" என்றவர், பழைய தமிழுக்குத் திரும்பிக்கொண்டு சொன்னார்: "மேலும், மாதிரியில் கலப்படம் செய்தது நீங்கள் என்று எழுதிக்கொண்டால் விசாரணை முடியும் வரை உங்கள் பாத்தியையும் மூட வேண்டியிருக்கும். உங்களுடைய உப்பும் வெளியேதானே கிடக்கிறது?"

வெளியேதான் கிடந்தது. குவியலாக, வெள்ளையாக. அரசப்பன் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். முதல் தப்பு ரெண்டு கரண்டி. இது எத்தனை என்று அவர் அளந்து பார்க்கவில்லை. மறுநாளே பாண்டி ரோட்டுக் கடையில் தார்ப்பாய் வாங்கித் தன் குவியலை மூடினார். கல் வைத்து ஓரத்தை அமுக்கும்போது நிமிர்ந்து பார்க்காமலேயே அமுக்கினார்.

அறிமுக விழா என்றார்கள். எட்டு நாள் முன்னாலேயே ஆள் உயரத்துக்கு மூணு மடங்கு ஒரு பேனரை நாற்பத்தேழாம் பாத்தி எதிரே கட்டினார்கள். அதில் உருப்பெருக்கியில் எடுத்த படம்: கறுத்து உருண்டு, மேலே சின்னச் சின்னக் குழி விழுந்து, நிலா மாதிரி ஒரு உருண்டை. அடியில் 'ஆறாம் உலகத்தின் முட்டை' என்று எழுதியிருந்தது. தியானம் பழக வந்து இடையஞ்சாவடியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் வந்து அதன் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

தெய்வநாயகியும் பார்த்தாள். இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்து, வெகு நேரம் பார்த்தாள். அன்றைக்கும் குழம்பு வந்தது. மறுநாளும் வந்தது. எட்டு நாளும் வந்தது.

"கொழம்பு நல்லா இருந்துச்சாண்ணே?" என்று தினமும் கேட்டாள். முன்பெல்லாம் கேட்டதில்லை.

"நல்லா இருந்துச்சும்மா."

"காரம், புளிப்பு, கடுகு எல்லாம் சரியா இருந்துச்சா?"

"எல்லாம் சரிம்மா" என்று சொல்லிக் குனிந்துகொள்வார்.

விழாவன்று மத்தியானம் அறிவழகன் பாத்தி ஓரத்துப் பந்தலில் பேச எழுந்தார். கிழக்கே கடல் மேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. "பெரியோர்களே! பெயர் இல்லாதது எதுவும் இல்லாததே. நாம் பெயர் வைத்தோம். ஆகவே இது இருக்கிறது. நாளைக்கே இதைக் காணவில்லை என்றாலும் கோப்பு இருக்கும், கோப்பு உள்ளவரை..."

முதல் சொட்டு மைக்கில் விழுந்தது. அடுத்து விழுந்தவை எண்ணவே இடம் கொடுக்கவில்லை. பந்தலில் இருந்தவர்கள் ஜீப்புக்கு ஓடினார்கள். காவலாளும் ஓடினான். பேனர் அவிழ்ந்து பறந்து மஞ்சள் நாடாவை அறுத்துக்கொண்டு பாத்திக்குள் போய் விழுந்தது.

தெய்வநாயகி ஓடவில்லை. கையில் வாருபலகையோடு பாத்தி ஓரத்தில் நின்றாள். இறங்கி ரெண்டு தடவை வாரிப் பார்த்தாள். பலகையில் வந்தது கூழ். மூணாம் தடவை தண்ணீர்தான் வந்தது. பலகையைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

அரசப்பன் மழையிலேயே நடந்தார். அன்றைக்கு நடக்காத அதே கால் மணி நேரம். குதிகால் எரிந்தது. இன்னும் எரியட்டும் என்று அழுத்தி மிதித்தே நடந்தார். அவள் முன்னால் போய் நின்றார்.

"தெய்வநாயகி... அந்தப் பாட்டில்ல... நான் இங்க வரவே இல்லம்மா. என் பாத்தித் தண்ணியப் புடிச்சி, செவப்புக்கு உன் கொழம்ப ஊத்திட்டேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தெரியும்ண்ணே."

"தெரியுமா? எப்போலருந்து?"

"பேனர் கட்டினானே, அன்னிக்கே. என் கடுகு எனக்குத் தெரியாதா? எம்மாம் பெருசா போட்டா இன்னா?"

"அப்ப ஏன் போய்ச் சொல்லல? அந்தாளு கிட்ட சொல்லி இருந்தா..."

"சொன்னா, ஊத்தினது யாருன்னு கேப்பான். உன் பாத்தியையும் மூடுவான். ரெண்டு பேரு உப்பும் போவும். ஒருத்தரோடதாச்சும் இருக்கட்டும்னு பாத்தேன்." நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டாள். "நீயா வந்து சொல்லுவேன்னுதான் தெனம் கொழம்பு எடுத்தாந்தேன். எட்டு நாளுண்ணே. சட்டியக் கழுவிக் கழுவிக் குடுத்த."

 அரசப்பனும் வரப்பில் உட்கார்ந்தார். "என் குவியல்ல பாதிய எடுத்துக்கம்மா. உன் பேர்ல காட்டு. குத்தகையாச்சும் நிக்கும்."

"எடுத்துக்காம?" என்றாள் தெய்வநாயகி. "பூங்குழலி அப்பவே கூடையோட போயிட்டா. பாதி வாரினதும் தார்ப்பாய மூடிட்டு வரச் சொல்லிக்கீறேன்."

அடுத்த வாரம் ஆணையம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. எதிர்பாராத மழையில் ஆறாம் உலகம் முற்றிலுமாக அழிந்துவிட்டதாம். அதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பதாகவும், அதன் ஆணையர் பதவி மட்டும் தொடர்ந்து செயல்படும் என்றும் எழுதியிருந்தது. கபீர் பாய் அதைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு, "செத்துப்போன உலகத்துக்கு ஒரு நாற்காலியா, நல்லா இருக்குதுப்பா" என்று மறுபடி டீ ஆற்றப் போனார். நாடாவை மட்டும் யாரும் கழற்றவில்லை. அதற்கு மேசை இல்லை. தெய்வநாயகியே அவிழ்த்து, அதில் தன் ஆட்டைக் கட்டிக்கொண்டாள்.

இனி குழம்பு வராது என்றுதான் அரசப்பன் நினைத்திருந்தார். மறுநாளே மதியம் தூக்குச்சட்டி வந்தது.  வைத்துவிட்டு, தெய்வநாயகி சற்றுத் தள்ளி வரப்பில் உட்கார்ந்துகொண்டாள்.

சோற்றில் ஊற்றினார். அதே நெத்திலி, அதே புளி, அதே செவப்பு. கரண்டியால் அடி வரைக்கும் கிளறிப் பார்த்தார். அவரைப் பார்க்க ஒரு கடுகுகூட இல்லை.

நாய் வந்து வாலை ஆட்டியது. அதை விரட்டிவிட்டு, அவள் பார்க்கப் பார்க்க, கடைசிச் சோறு வரைக்கும் தின்று முடித்தார்.